ஆண்பிள்ளைகளில் முதலாமிடம்

எங்கள் பாடசாலை அதிபராக இருந்த இலுக்கும்புர சேரைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றால் வேறு யாரையாவது பிடியுங்கள். எனக்கு அந்த மனிதனைப் பிடிக்காது. பதினொரு வயதிலிருந்தே பிடிக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து அவரோடு ஒரே வகுப்பில் படித்தேன். பிறகு அவர் அதிபராக வந்த அதே பாடசாலையின் காரியாலயத்தில் பதினான்கு வருடம் அவருக்குக் கீழே கிளார்க்காக வேலை பார்த்தேன். ஒரு ஆளை மனதார வெறுப்பதற்கு இவ்வளவு பழக்கம் போதும்.

முழுப் பெயர் பியசேன இலுக்கும்புர. வளவை கங்கைக் கரையில் வயலும் வாழைத் தோட்டமும் உள்ள குடும்பம். நான்கு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே பையன். பள்ளிக்கு வரும்போது ஒரு அக்கா புத்தகப் பையைத் தூக்கி வருவாள், இன்னொருத்தி தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி வருவாள், இவர் கையை வீசிக்கொண்டு நடுவில் வருவார். கொப்பிக்கு உறை போடுவது, பென்சில் சீவுவது, வீட்டுப் பாடத்தை எழுதிக் கொடுப்பது எல்லாம் அக்காமார்தான். அந்த நான்கு பேரில் ஒருத்தியாவது பாடசாலையின் கடைசி இரண்டு வருடமான உயர்தரம் படித்தாளா என்றால் இல்லை. தம்பியின் பையைத் தூக்கியே அவர்களுடைய படிப்பு முடிந்துவிட்டது.

அவர் வகுப்பில் மக்கும் இல்லை, கெட்டிக்காரரும் இல்லை. நாற்பது பேரில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வருவார். முன்னால் நின்ற ஆறு பேரும் பெண்பிள்ளைகள். முதலாவது நான், இந்திராணி தெனிபிட்டிய. பெருமைக்காகச் சொல்லவில்லை. வரவும் புள்ளியும் எழுதிய பழைய இடாப்புகள் இன்னும் காரியாலய அலுமாரியில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் தூசியைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பரிசளிப்பு விழாவில் எங்கள் வகுப்பின் ஆறு பாடப் பரிசுகளும் பெண்பிள்ளைகளுக்கே போயின. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் பியசேனவின் அப்பா எழும்பினார். பையன்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் கூட்டி வருவது அடுத்தவன் பிள்ளைக்குக் கை தட்டுவதற்கா என்று கேட்டார். மற்ற அப்பாமார் தலையாட்டினார்கள். பெண்பிள்ளைகளின் அப்பாமாரும் சேர்ந்து தலையாட்டினார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அப்போதைய அதிபர் ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு முதலாமிடம். ஆண்பிள்ளைகளில் ஒன்று, பெண்பிள்ளைகளில் ஒன்று. அந்த வருடம், எண்பத்திரண்டாம் ஆண்டு, கணிதத்தில் எனக்குத் தொண்ணூற்றொரு புள்ளி. பியசேனவுக்கு அறுபத்திரண்டு. இரண்டு பேரையும் ஒன்றாக மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு பார்சல், ஒரே அளவு கைதட்டல். அவருடைய சான்றிதழில் ‘கணிதம்’, அதன் கீழே ‘முதலாமிடம்’, அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘ஆண்பிள்ளைகளில்’ என்று இருந்தது. என்னுடையதில் ‘பெண்பிள்ளைகளில்’. வகுப்பு முழுக்க முதலாவது வந்தவளுக்குப் பாதி வகுப்பைத்தான் கொடுத்தார்கள். ஏழாவது வந்தவருக்கு ஒரு முதலாமிடம் வீட்டுக்குப் போனது.

அவர்கள் வீட்டில் கிரிபத் என்கிற பாற்சோறு சமைத்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. அம்மா அதைச் சம்பலோடு எனக்கு வைத்துக் கொடுத்து, சான்றிதழை அலுமாரிக்குள் வைக்கச் சொன்னாள். நான் சாப்பிட்டேன். பசி, வேறென்ன.

எங்கள் கணித ஆசிரியர் எப்போதும் ஒன்று சொல்வார். பெண்பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பாடமாக்கிப் புள்ளி எடுக்கிறார்கள், பையன்களுக்கு உண்மையான மூளை இருக்கிறது, இன்னும் பாவிக்கவில்லை, அவ்வளவுதான். நான் அதை நாற்பது வருடமாகக் கேட்கிறேன். வாத்திமார் மாறினார்கள், பாடத்திட்டம் மாறியது, கரும்பலகை வெள்ளைப் பலகையானது. அந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. பாவிக்காத அந்த மூளையும் பெட்டி பிரிக்காத ரேடியோ மாதிரி இன்னும் புதிதாகவே இருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான் இருந்தது. கணிதம் படிக்க மாத்தறைக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். பியசேன போனார். நான் போகவில்லை. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். நான் மனைப்பொருளியலும் சிங்களமும் பௌத்த நாகரிகமும் எடுத்தேன். கணிதத்தில் தொண்ணூற்றொன்று வாங்கிய கை இரண்டு வருடம் கேக்குக்கு மா அளந்தது.

பியசேன மாத்தறையில் உயர்தரத்தை மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறை மூன்று பாடமும் எப்படியோ கரையேறின. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. யாரோ ஒரு மந்திரியின் கடிதத்தில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. கணித ஆசிரியருக்குத் தட்டுப்பாடு, கிடைத்தவரை விடுவார்களா. நான் அரசாங்கப் பரீட்சை எழுதிக் கிளார்க் ஆனேன். ஏழெட்டுப் பாடசாலை சுற்றி, கடைசியில் ஊருக்கே வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் அவர் அதிபராக வந்தார்.

வந்த முதல் நாளே தன் அறைச் சுவரில் ஆணி அடித்து அந்தச் சான்றிதழை மாட்டினார். தங்க நிறக் கரை போட்ட பெரிய சட்டம். ‘கணிதம் - முதலாமிடம்’ பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய வரி தெரியவில்லை. கரை அகலமாக வந்து அந்த வரியை மட்டும் மூடியிருந்தது. சட்டம் போட்டவன் செய்த பிழையா, இவர் சொல்லிச் செய்ததா, தெரியாது. தெரியாது என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அவர் வகுப்பெடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். மாத்தறையில் அவர் எழுதிய பழைய கொப்பி ஒன்று, மஞ்சள் பூத்த தாள்கள். அதைப் பார்த்துப் பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். யாராவது எழும்பி ஏன் சேர் அப்படி வருகிறது என்று கேட்டால், முதலில் எழுது, பிறகு விளங்கும் என்பார். யாருக்கும் பிறகு விளங்கவில்லை, அவருக்கும்தான். பெண்பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிய மனிதன், கொப்பியை வீட்டில் மறந்து வந்த நாளில் வகுப்பை விளையாட அனுப்பிவிடுவார்.

இவர் வந்த பிறகு எங்கள் பாடசாலைக்கும் உயர்தரக் கணிதப் பிரிவு கிடைத்தது. அது நல்ல காரியம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பறை, முப்பத்தாறு இடம். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் பாடசாலையே ஒரு கணிதத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும். அங்கேதான் பழைய வித்தை திரும்பி வந்தது. இரண்டு பட்டியல். பதினெட்டு இடம் ஆண்பிள்ளைகளுக்கு, பதினெட்டு இடம் பெண்பிள்ளைகளுக்கு. கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும். பாதிக்குப் பாதி, யார் என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் விண்ணப்பிக்கிற பெண்பிள்ளைகள் நாற்பது பேர், பையன்கள் இருபது சொச்சம். பட்டியலைத் தட்டச்சு செய்கிறவள் நான், எனக்குத் தெரியும். ஒரு வருடம் பெண்பிள்ளைகளில் கடைசியாக இடம் கிடைத்தவளுக்கு எழுபத்தேழு புள்ளி. பையன்களில் கடைசியாக இடம் கிடைத்தவனுக்கு நாற்பத்தொன்பது. எழுபத்தாறு வாங்கிய பிள்ளை கலைப் பிரிவுக்குப் போனாள்.

அந்த நாற்பத்தொன்பது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மகன் சமோத். அந்தப் பையனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நன்றாகப் படம் வரைவான், வெசாக் பண்டிகைத் தோரணம் வரைய ஊரே அவனைத்தான் கூப்பிடும். சித்திரம் படிக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டான். ஆம்பளைப் பிள்ளை படம் வரைந்து என்ன செய்வது என்று சொல்லிக் கணிதத்தில் தூக்கிப் போட்டார். மூன்று பாடமும் பெயில். இப்போது கொரியாவில் ஏதோ ஆலையில் இருக்கிறான். வேண்டாத ஒருவனுக்கு இடம் கொடுத்து, வேண்டிய ஒருத்திக்குக் கதவைச் சாத்தினார். இரண்டு பேருடைய வாழ்க்கையும் போனது. அவர் சுவரில் இருந்த சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். என் தம்பி மகள் தசுனியின் முறை வந்தபோதுதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. சின்ன வயதிலிருந்தே கணக்கில் பைத்தியம். பஸ் டிக்கட்டில் இருக்கும் இலக்கத்தைக் கூட்டிப் பெருக்கி விளையாடுகிற பிள்ளை. கணிதம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

“மாத்தறைக்குப் போவேன் நெந்தே,” என்றாள். பிறகு குரலை இறக்கி, “தாத்தா விட மாட்டார் தானே,” என்றாள். அவள் தாத்தா என்றது அப்பாவை, என் தம்பியை.

விட மாட்டான். என் தம்பி என் அப்பாவின் மகன். நானே போய்க் கேட்டேன். அக்கே, பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்றான். முப்பத்தேழு வருடம் கழித்து அதே வார்த்தை, அதே வீட்டு வாசலில். ஆகவே அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஒரே ஒரு கதவு, எங்கள் பாடசாலையின் அந்த முப்பத்தாறு இடம். அது தவறினால் அவளும் என்னைப் போல மா அளக்க வேண்டியதுதான்.

அந்த வருடம் பெண்பிள்ளைகள் நாற்பத்தொரு பேர், பையன்கள் இருபத்து மூன்று பேர். சில தாய்மார் சேர்ந்து வலயக் கல்விப் பணிமனைக்கு மனுக் கொடுத்தார்கள், ஒரே பட்டியல் வேண்டும் என்று. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நல்ல தட்டச்சு, பிழையே இல்லாமல் இருந்தது. அங்கிருந்து பணிப்பாளர் நேரில் வந்து அதிபரிடம் பேசினார். இலுக்கும்புர சேர் பயப்படவில்லை, நெஞ்சை நிமிர்த்தினார்.

“சரி சேர், ஒரே பட்டியல் வைப்போம். ஆனா பாடமாக்கி எழுதுற கணக்கு வேணாம். யாரும் எங்கயும் பார்க்காத கணக்கு அஞ்சு கொடுப்போம். அப்ப தெரியும் யாருக்கு மூளை இருக்குன்னு.”

அவர் அதை நம்பினார். அதுதான் விஷயம். அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் தப்பியிருப்பார். பையன்கள்தான் முன்னால் வருவார்கள் என்று நெஞ்சறிய நம்பியதால்தான் எல்லாக் கதவையும் தன் கையாலேயே அடைத்தார். புதிய கணக்கு அவரால் போட முடியாது, அது வேறு விஷயம். மாத்தறையில் அவரோடு படித்து இப்போது அங்கே பெரிய கணித ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்தார். வினாத்தாளை நண்பரே தயாரித்து, தேர்வு நாள் காலையில் பஸ்ஸில் கொண்டு வந்து, பணிப்பாளர் முன்னால் உறையைக் கிழிப்பது. திருத்துவதும் அவரே. மேற்பார்வைக்கு வேறு பாடசாலை ஆட்கள். தான் அந்த மண்டபப் படியில் கால்கூட வைப்பதில்லை. விடைத்தாளில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். பெயருக்குரிய பட்டியல் என் அலுமாரியில் பூட்டி இருக்கும்.

“யாரு யாருன்னு எனக்கே தெரியக் கூடாது மிஸ்,” என்றார் என்னிடம், பணிப்பாளர் காதுபடவே. “விண்ணப்பம் வாங்கும்போதே நம்பர் போட்டுக் குடுத்துடுங்க.”

நான் போட்டுக் கொடுத்தேன், வந்த ஒழுங்கில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில், எங்கள் பாடசாலையில் என்ன, நான் வேலை பார்த்த எல்லாப் பாடசாலையிலும், இடாப்பில் முதலில் ஆண்பிள்ளைகள், அவர்கள் முடிந்த பிறகு பெண்பிள்ளைகள். பேர் கூப்பிடுவது, தடுப்பூசி போடுவது, சீருடைத் துணி கொடுப்பது எல்லாம் அந்த வரிசைதான். சின்ன இலக்கம் என்றால் பையன். எந்த வாத்தியாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்றாம் இலக்கம் ஆண்பிள்ளை என்றுதான் சொல்வார். ஆனால் விண்ணப்பம் கொடுக்க வந்தது எப்படி? முதல் நாள் காலை ஆறரை மணிக்கே பெண்பிள்ளைகள் தாய்மாரோடு வந்து என் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல் முப்பத்தெட்டு இலக்கமும் அவர்களுக்கே போனது. பையன்கள் மூன்றாம் நாள் மத்தியானம், கரப்பந்து விளையாடி வியர்த்துப்போய், பேனை இருக்கா மிஸ் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். தசுனிக்கு நாலாம் இலக்கம். அதிபர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தேர்வு நடந்தது. இரண்டு வாரத்தில் மாத்தறையிலிருந்து முத்திரை வைத்த பார்சல் வந்தது. ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் பிள்ளைகள், பெற்றோர், பணிப்பாளர் எல்லோரும் இருக்க, மேடையில் வைத்து அதிபர் அதைப் பிரித்தார். பெயர்ப் பட்டியலோடு நான் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன்.

முதல் தாளில் தர வரிசை இருந்தது. அவர் கண்ணை ஓட்டினார். நாலு, பதினொன்று, இரண்டு, பத்தொன்பது, ஏழு, இருபத்திரண்டு. முகம் மலர்ந்தது. மனிதனுக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததை நான் அவருடைய மகனின் பிறந்தநாளில்கூடப் பார்த்ததில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தார். அப்போதே நான் எழும்பி அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். நான் எழும்பவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நெஞ்சுக்குள் குளிர்ந்துகொண்டே வந்தது. வெட்கப்படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

முதல் ஆறு இலக்கத்தையும் வாசித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். கால் மணி நேரம் பேசினார். மனுக் கொடுத்த தாய்மாரைப் பார்த்துப் பேசினார். கடவுள் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார், பொறுமையும் ஞாபகமும் பெண்பிள்ளைகளுக்கு, யோசனை ஆண்பிள்ளைகளுக்கு, இதில் யாரும் கோபிக்க ஒன்றுமில்லை என்றார். பாடமாக்கி வருகிற புள்ளி இந்த மாதிரித் தேர்வில் செல்லாது என்றார். பிறகு பார்சலிலிருந்து நாலாம் இலக்க விடைத்தாளை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

“இதப் பாருங்க. அஞ்சாவது கணக்கு. கணக்கு போட்ட என்ட நண்பரே பக்கத்துல எழுதியிருக்கார், இந்த வழி எனக்கே தோணல்லன்னு. இதுதான் மூளை. இத யாராலயும் பாடமாக்க ஏலாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார், உண்மையாகவே. மகனே என்று கூப்பிட்டார். “நாலாம் நம்பர் புதா, எழும்புங்க. எல்லாரும் உங்களப் பார்க்கட்டும்.”

மண்டபத்தின் நடுவில் தசுனி எழும்பினாள். இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை.

அவர் மகளே என்று கையால் உட்காரச் சொன்னார். “நீங்க இல்ல துவே. நாலாம் நம்பர்.”

 பிள்ளை என் கையெழுத்தில் நாலு என்று எழுதியிருந்த துண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெயர்ப் பட்டியலை நீட்டினேன். அதை வாங்காமல் ஒலிவாங்கியிலேயே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். பதினொன்று எழும்பினாள். இரண்டு எழும்பினாள். பத்தொன்பது எழும்பும்போது பின் வரிசையில் யாரோ ஒரு தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மெதுவாக வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. ஏழாம் இலக்கத்தைக் கூப்பிடாமல் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். மொத்தத்தில் முப்பத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் பெண்பிள்ளைகள். பதினொரு பையன்களும் சும்மா வரவில்லை, நன்றாகவே எழுதியிருந்தார்கள். அவர்களைக் கைதட்டி வரவேற்கக்கூட இந்த மனிதனுக்கு நினைவு வரவில்லை.

தேநீர் வைத்திருக்கிறது என்று சொல்லிப் பணிப்பாளரை அழைத்துக்கொண்டு தன் அறைக்குள் போனார். கையெழுத்து வைக்க வேண்டிய தெரிவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அவர் பட்டியலை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“எப்பிடியோ பாடமாக்கிட்டாங்க சேர்,” என்றார் பணிப்பாளரிடம். “இல்லாட்டி இப்பிடி வராது. இந்த வருசமும் பாதி பாதியாவே எடுப்போம். அடுத்த வருசம் பார்ப்போம்.”

பணிப்பாளர் கோப்பையை ஊதிக் குடித்தார். அதுவும் சரிதான், பிரச்சினை இல்லாமல் முடியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டலை நன்றாகத் தெரியும். எண்பத்தோராம் ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பார்த்த அதே தலையாட்டல். பாதிக்குப் பாதி என்றால் தசுனி எப்படியும் வருவாள், அவள் முதலாவது. ஆனால் மண்டபத்தில் இன்னும் இருபத்து நான்கு பெண்பிள்ளைகள் கையில் துண்டோடு நிற்கிறார்கள், அதில் ஏழு பேர் கலைப் பிரிவுக்குப் போவார்கள். தசுனியின் புள்ளி பாடமாக்கிய புள்ளி என்று ஆகிவிடும்.

“எதப் பாடமாக்கினாங்க சேர்?” என்று கேட்டேன். “வினாத்தாள நீங்களே பார்க்கல்ல.”

“நம்பர் போட்டது நீங்க. நாலாம் நம்பர் உங்க தம்பிட மகள்,” என்றார். “இத நான் விட மாட்டேன் மிஸ். விசாரண வைப்பேன்.”

“வைங்க. வந்த ஒழுங்குல நம்பர் குடுத்தேன், தேதியோட ஒவ்வொரு விண்ணப்பத்திலயும் இருக்கு. சின்ன நம்பர்னா பையன்னு நெனச்சது நீங்க.”

பிறகு நான் செய்ததைக் கிளார்க் ஒருத்தி செய்யலாமா என்று கேட்டால், கூடாதுதான். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றினேன். மேசையில் கவிழ்த்து, பின்னால் இருந்த தகரக் கொக்கிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அவர் இந்திராணி, இந்திராணி என்றார், மிஸ் போய்விட்டது. பலகையை எடுத்துவிட்டுத் தாளை உருவிப் பணிப்பாளரின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கரை மூடியிருந்த இடம் மட்டும் பழுக்காமல் வெள்ளையாக இருந்தது. அதில் அந்த வரி நேற்று எழுதியது போல இருந்தது.

பணிப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ‘ஆண்பிள்ளைகளில்.’ பிறகு அதிபரைப் பார்த்தார்.

“அந்த வருசம் வகுப்புல இவர் ஏழாவது,” என்றேன். “இடாப்பு வெளியில அலுமாரியில இருக்கு. மண்டபத்துல எல்லாரும் இன்னும் போகல்ல. பாதி பாதி எப்பிடி வந்திச்சுன்னு கேட்டா, இந்தத் தாளையும் அந்த இடாப்பையும் கொண்டுபோய்க் காட்டுவேன். வேற ஒண்ணும் பேச மாட்டேன்.”

 பணிப்பாளர் கோப்பையை வைத்துவிட்டு, கவிழ்ந்திருந்த பட்டியலைத் திருப்பி, தன் பேனையை எடுத்து அதிபரிடம் நீட்டினார். நியாயம் உறைத்ததால் அல்ல, மண்டபத்தில் நிற்கும் தாய்மாரை நினைத்துத்தான் நீட்டினார் என்று எனக்குத் தெரியும். எதற்காக நீட்டினால் என்ன? இலுக்கும்புர சேர் கையெழுத்து வைத்தார். முப்பத்தாறு பெயர், ஒரே வரிசை.

இரண்டு மாதத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. யானை வேலிக்கு அப்பால், ஒரு நாளைக்கு ஒரு பஸ் போகிற பாடசாலை. எதிர்பார்த்ததுதான். கடைசி நாள் சாவிக் கொத்தை ஒப்படைக்க அவர் அறைக்குப் போனேன். சுவரில் சட்டம் இருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது. எதிரே மேல் மாடியில் கணித வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த டீச்சரிடம் யாரோ ஒரு பெண்பிள்ளை ஏன் என்று கேட்கிற சத்தம் கேட்டது. தசுனியின் குரல் மாதிரி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் எனக்குச் சந்தோசம்தான்.

அவர் சாவிகளை எண்ணி மேசை லாச்சிக்குள் போட்டார். ஏதாவது சொல்லாமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

“ஒண்ணு சொல்றேன் இந்திராணி, கோவிக்காத,” என்றார். ஆறாம் வகுப்பில் பேசிய மாதிரி ஒருமையில் பேசினார். “அந்தக் காலத்துல நீயும் பாடமாக்கித்தான் புள்ளி எடுத்த.”

நான் கதவு வரைக்கும் போய்விட்டேன். திரும்பினேன்.

“ஓம் பியசேன,” என்றேன். “அதுல ஒண்ணு இன்னும் மறக்கல்ல. நான் தொண்ணூற்றொண்ணு, நீ அறுபத்திரண்டு.”